சங்கோப் டவர்க்காரி

ஷரோஃபத்தைச் செல்போன் கம்பெனி வேலைக்கு எடுத்த நாளில் மலை ஊரான சங்கோப்பில் வேலைக்கு ஆகிற ஆண்கள் ஆறு பேர்தான் இருந்தார்கள். இருவருக்குப் பார்வை மங்கல். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், பகலில் நகர முடியாது. மீதி மூவரும் பனி விலகியதும் ரஷ்யாவுக்குப் போகப் பயணச்சீட்டு வாங்கி வைத்திருந்தார்கள்.

டவர் போட வந்த பொறியாளர் ஷெர்சோத், குஜந்த் நகரத்துப் பையன். பள்ளிக்கூட முற்றத்தில் கூடியிருந்தவர்களைப் பார்த்து, “இன்ஜின் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டான்.

“ஒரு ஆள் இருக்கு தம்பி,” என்றார் மிர்ஸோவலி. கழுதை வளர்ப்பவர், எழுபதைத் தாண்டியவர், வாய் சும்மா இருக்காது. “ஆனா தாடி கெடையாது. பரவால்லயா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஷரோஃபத் சிரிக்கவில்லை. கம்பெனியின் ஜெனரேட்டர் காலையிலிருந்து கிளம்ப மாட்டாமல் இருமிக்கொண்டிருந்ததை அவள் கேட்டபடி இருந்தாள். எழுந்து போய் வடிகட்டியைக் கழற்றி, அடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டினாள். டீசல் குழாயின் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பை அழுத்தினாள். திருகை இறுக்கிவிட்டு, “இப்பப் போடுங்க” என்றாள். ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

“எங்க கத்துக்கிட்டீங்க ஹோலா?” என்றான் ஷெர்சோத். சித்தி முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவது.

“டிராக்டர்ல.”

அவள் பிறந்தது இந்த மலையில் அல்ல, கீழே பருத்திக் காட்டில். அவள் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் அரசாங்கம் லாரிகளை அனுப்பி மேல் ஸரஃப்ஷான் ஊர்களை மொத்தமாகக் காலி செய்து, மக்களைப் பருத்தி பறிக்கக் கொண்டுபோயிருந்தது. பத்தொன்பது வயதில் ஒதீனாவைக் கட்டிக்கொண்டு அவனோடு மலைக்குத் திரும்பினாள். கூரை விழுந்த வீட்டைக் கல்கல்லாக எடுத்துக் கட்டினார்கள். ஒதீனா அரசுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டினான். உதிரிப் பாகம் கிடைக்காத ஊரில் டிராக்டரை ஓட்டுவதைவிடப் படுத்துக்கிடக்கிற டிராக்டரை எழுப்புவதுதான் வேலை. அவன் அடியில் படுத்திருப்பான், அவள் மேலேயிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். ஐந்தாறு வருடத்தில் ஸ்பேனர் கொடுத்தவளுக்கே முடுக்கவும் தெரிந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் குளிர்காலத்தில் வயிற்றுவலி என்று ஐனி ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனான் ஒதீனா. பின்னாலேயே பாதையைப் பனி மூடியது. அவன் இறந்த செய்தி பத்தொன்பதாம் நாள் கோதுமை மாவு லாரியில் வந்தது. அடக்கம் அங்கேயே முடிந்திருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் அவனுக்காகத் தினமும் ரொட்டியில் ஒரு பங்கு எடுத்து வைத்ததை ஷரோஃபத் யாரிடமும் சொன்னதில்லை. மகன் அஸ்லிதீனுக்கு அப்போது ஆறு வயது. அவனும் பதினெட்டு முடிந்ததும் ரஷ்யாவின் சுர்குத் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். டவர் வந்தது அதற்கு மறுவருடம்.

நான்கு நாட்டுப் பணம் சேர்ந்த கம்பெனி அது. உரிமம் வாங்கும்போது இத்தனை மலை ஊர்களுக்கு இணைப்பு தருகிறோம் என்று தலைநகரத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் சங்கோப்பும் இருந்தது. ஆனால் இரும்பு வந்து சேர்ந்த இடம் ஆற்றோர லாரிப் பாதை. முகட்டுக்கு அங்கிருந்து ஒற்றையடித் தடம்தான்.

“மேல தூக்கிட்டுப் போகக் கம்பெனி காசு ஒதுக்கல,” என்றான் ஷெர்சோத். சொல்லவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. “ஹெலிகாப்டர் கேட்டேன். சிரிச்சாங்க.”

ஊர் ஹஷர் அறிவித்தது. வீட்டுக்கு ஓர் ஆள், இல்லாத வீட்டுக்கு ஒரு கழுதை. கால்வாய் வெட்டுவதும் விதவைக்குக் கூரை போடுவதும் இப்படித்தான். வருகிறவர்களுக்குச் சோறு உண்டு, கூலி கிடையாது. கூலி வாங்கினால் அதற்கு ஹஷர் என்று பெயர் இல்லை. பதினோரு நாள் பெண்களும் கிழவர்களும் கழுதைகளும் இரும்பைச் சுமந்தார்கள். மிர்ஸோவலியின் கழுதை ஒன்று காலை ஒடித்துக்கொண்டது. தன் சட்டைப்பையிலிருந்து ஏதோ கொடுக்க வந்த ஷெர்சோத்தை அவர் கையாலேயே விலக்கினார். “உள்ள வை. விருந்தாளி மாதிரி இரு. ஊர் வேலைக்கு நீ யாருடா கூலி குடுக்க?”

“இந்த உழைப்பை எழுதறதுக்கு எங்க படிவத்துல ஒரு கட்டம்கூட இல்ல அமாக்,” என்றான் ஷெர்சோத், சித்தப்பா முறை வைத்து.

“எழுதாத. நாங்களா பாத்துப்போம்.”

பன்னிரண்டாம் நாள் டவர் நின்றது. ஷரோஃபத்துக்கு முகட்டில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு இரும்பு அடுப்பு, சாவிக்கொத்து, டீசல் ஊற்றியதை எழுத ஒரு நோட்டு. கூடவே பேசுகிற கார்டுகளை விற்கும் பொறுப்பும். அவளுடைய அடையாள அட்டையில் ஆணுக்கான வார்த்தையில்தான் காவல்காரன் என்று அச்சாகியிருந்தது. அதை மிர்ஸோவலி வாங்கிப் பார்த்துவிட்டு, “நான்தான் அன்னைக்கே சொன்னேனே, தாடி மட்டும்தான் கொறைன்னு” என்றார்.

கார்டு விற்றவள் என்பதால் ஒரு விஷயத்தை ஷரோஃபத்தான் முதலில் கவனித்தாள். எதிராளி எடுக்காவிட்டால் காசு குறைவதில்லை. எத்தனை தடவை அடித்தாலும் அதே பாக்கி அப்படியே நிற்கிறது. எழுதி அனுப்புகிற செய்தி அப்படி இல்லை. ரஷ்ய எண்களுக்குப் பாதி போகும், பாதி போகாது, காசு மட்டும் தவறாமல் போகும்.

பக்கத்து வீட்டு தோஷ்பீவிக்கு மூன்று மகன்கள், மூவரும் ரஷ்யாவின் த்யுமெனில். போனை வாங்கிவிட்டு அதில் போடக் காசில்லாமல் அதை மார்புக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

“உன் பெரியவன்கிட்டச் சொல்லு,” என்றாள் ஷரோஃபத். “தினமும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணட்டும். நல்லா இருக்கான்னு அர்த்தம். நீயும் ஒண்ணு திருப்பி விடு. நீயும் நல்லா இருக்கே.”

“ரெண்டு விட்டா?”

“பணம் அனுப்பிட்டான்னு அர்த்தம்.”

“மூணு விட்டா அபா?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

“மூணுக்கு நமக்கு என்ன வேலை? ரெண்டு போதும்.”

ஒரு மாதத்தில் ஊர் முழுக்க அதுதான் பேச்சுமுறை. ஆற்றுக்கு அக்கரை ஊர்க்காரர்களும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். எடுப்பது கேவலம் என்றாகிவிட்டது. தோஷ்பீவியின் மருமகள் ஒருநாள் கைதவறி எடுத்துவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அவள் காதில் விழுந்த புருஷன் குரல் சொன்னது, “ஏன் எடுத்தே?” என்பதுதான். அழுதுகொண்டே வந்து ஷரோஃபத்திடம் சொன்னாள், சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது.

“கம்பெனிக்காரன் டீசல் ஊத்துறான், நாம ரிங் விடுறோம்,” என்பார் மிர்ஸோவலி. “இப்படி ஒரு மாப்பிள்ளை எவனுக்குக் கெடைப்பான்!”

அஸ்லிதீன் நடுப்பகலில் அடிப்பான். அவனுடைய ஆட்கள் சாப்பிடப் போகும் நேரம் அது. ஷரோஃபத் அதற்குள் ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்த்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுத் துடைத்துவிட்டு, உப்புப் போட்ட பால்தேநீரும் ரொட்டியுமாக உட்கார்ந்திருப்பாள். போன் மடியில் கிடக்கும். ஒரு ரிங். அவள் ஒன்று திருப்பி விடுவாள். அதற்குப் பிறகுதான் ரொட்டியைப் பிய்ப்பாள். மாதம் ஒருமுறை இரண்டு ரிங் வரும். நான்கு வருடத்தில் அவன் ஊருக்கு வரவில்லை. ஈத் பெருநாளன்று மட்டும் இரண்டு நிமிடம் பேசுவான். மற்றபடி தாய்க்கும் மகனுக்கும் இடையில் இருந்தது இவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. பத்தொன்பது நாள் தெரியாமல் இருந்தவளுக்கு ஒவ்வொரு நாளும் தெரிவது என்பது சாதாரணம் இல்லை.

நான்காம் வருட ஜூன் மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் மெஹ்ரங்கேஸ். இருபத்தைந்து இருக்கும். நகரத்துச் செருப்பு முகட்டு ஏற்றத்தில் அறுந்து, கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷரோஃபத் அவளுக்குத் தன் ரப்பர் காலணியைக் கொடுத்து, தேநீர் ஊற்றினாள்.

மெஹ்ரங்கேஸ் ஒரு தாளை விரித்தாள். பள்ளத்தாக்கின் டவர்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. சங்கோப் கடைசி வரி.

“கம்பெனில பாதிப் பங்கை வித்துட்டாங்க ஹோலா. புதுசா வாங்கினவங்க, ஒவ்வொரு டவரும் தன் கஞ்சியைத் தானே சம்பாதிக்கணும்னு சொல்றாங்க. இங்க ஒரு நாளைக்கு நாப்பது நிமிஷம்தான் பேச்சு. எண்ணூறு பேர் இருக்கற எடத்துல நாப்பது நிமிஷம்.”

“அந்தத் தாள் தப்பும்மா,” என்றாள் ஷரோஃபத். “மத்தியானம் ஆனா ஊரே கணகணன்னு அடிக்குது. நானே கேக்குறேனே.”

“அடிக்குது சரி. எடுக்குறாங்களா?”

ஷரோஃபத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஊர் இந்த டவரை எவ்வளவு நம்பியிருக்கிறது என்று இவளுக்குத் தெரியவில்லை, தெரிந்தால் தாளைத் திருத்திவிடுவாள் என்று நினைத்தாள். ஒரு ரிங், இரண்டு ரிங் எல்லாவற்றையும் விளக்கினாள். தோஷ்பீவியின் மருமகள் கதையையும் சொன்னாள். மெஹ்ரங்கேஸ் சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“எல்லாருமா?”

“எல்லாரும். அக்கரை ஊர்க்காரங்களுக்கும் நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்.”

“ஹோலா, என்கிட்டச் சொன்ன மாதிரி வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“ஏன், திருட்டா இது?”

“திருட்டு இல்ல. ஆனா இதுல ஒரு காசு வரல.” அவள் தாளை மடித்தாள். “அவங்க தூரத்துல இருக்காங்க. அவங்களுக்குச் சங்கோப்னா ஒரு வரி. அந்த வரில பேச்சு இல்ல.”

“மலைக்கு வர்றோம்னு எழுதிக் குடுத்தீங்களாமே? ஷெர்சோத் சொன்னான்.”

“எழுதினோம். வந்துட்டோம். எத்தனை வருஷம் இருக்கணும்னு அதுல எழுதல.”

மெஹ்ரங்கேஸ் கெட்டவள் இல்லை. கிளம்பும்போது ரப்பர் காலணியைக் கழற்றப் போனவளை ஷரோஃபத் தடுத்தாள். அப்போதுதான் அவள் சொன்னாள்: “செப்டம்பர் வரைக்கும் டைம் இருக்கு. இந்த மூணு மாசத்துல பேச்சு ஏறினா நான் எதையாவது சொல்லி வாதாடிப் பாக்குறேன். பேச்சு ஏறணும் ஹோலா.”

அன்று மாலையே ஷரோஃபத் இறங்கிப் போய்ப் பள்ளிக்கூட முற்றத்தில் ஊரைக் கூட்டினாள்.

“டவரை எடுத்துடுவாங்களாம். நாம பேசினா விடுவாங்களாம்.”

“பேசினா போதுமா?” என்றார் மிர்ஸோவலி. “அடப்பாவமே, நம்மகிட்ட வேற எதைக் கேட்டிருந்தாலும் சங்கடம். பேச்சுக்கு இங்க என்ன பஞ்சம்?”

“வாய்க்கு ஹஷர் போடுங்க,” என்றது ஒரு குரல். அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். கால்வாய்க்கு முறை வைப்பதுபோல இதற்கும் வைத்தால் ஆயிற்று. யாருக்கு யாரோடு, என்றைக்கு, எவ்வளவு நேரம்.

கம்பெனியில் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரை அதே கம்பெனி எண்களுக்குள் பேச இலவசம். கார்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். ஹஷரை அந்த இரண்டு மணி நேரத்தில் வைக்கலாம் என்று சொன்னவள் ஷரோஃபத். யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஹஷருக்கு வருகிறவன் கையைக் கொண்டுவருவான், முதுகைக் கொண்டுவருவான். பணப்பையைக் கொண்டுவரச் சொல்வது எந்த ஊரில் உண்டு?

அப்படித்தான் ஆரம்பித்தது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் முறைக்காரர்கள் போனோடு கூரைமேல் ஏறுவார்கள். முதல் வாரம் நலம் விசாரிப்பிலேயே நேரம் ஓடியது. நல்லா இருக்கீங்களா, உடம்பு சுகமா, தெம்பா இருக்கீங்களா, வீட்டுல எல்லாரும் அமைதியா, மாடு கன்னு சுகமா, உருளைக்கெழங்கு எப்படி. அடுத்த கூரையில் நிற்பவளைப் பார்த்துக்கொண்டே போனில் இதைக் கேட்டார்கள். இரண்டாம் வாரம் சரக்கு தீர்ந்தது.

“என்னத்தைப் பேச அபா?” என்று தோஷ்பீவி முகட்டுக்கே வந்துவிட்டாள். “நேத்து என் முறைல எனக்கும் அவளுக்கும் அரைமணி நேரம் மூச்சு மட்டும்தான் கேட்டுது.”

“மூச்சுக்கும் நிமிஷம் ஏறும். வைக்காத.”

மிர்ஸோவலி தன் வாழ்நாளில் வாங்கி விற்ற கழுதைகளை ஒவ்வொன்றாக வாத்தியாருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் முடியும்போது எழுபத்து நாலாம் வருடத்துக் கழுதைக்குத்தான் வந்திருந்தார். தோஷ்பீவிக்கும் கீழ்த்தெரு ஸைனபுக்கும் ஒன்பது வருடமாகத் தண்ணீர் முறையில் பகை, முகம் பார்ப்பதில்லை. ஷரோஃபத் வேண்டுமென்றே அவர்கள் இருவருக்கும் ஒரே நாளில் முறை போட்டாள். முதல் நாள் இருவரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஸைனப் ஒரு வார்த்தை விட்டாள். பிறகு ஏழு மணி வரை இரண்டு கூரையிலும் கத்தல். ஊரே நின்று கேட்டது. “விடாத, விடாத,” என்றார் மிர்ஸோவலி. “நாங்க எல்லாரும் சேந்து பேசினதைவிட இவங்க ரெண்டு பேர் சண்டைல நிமிஷம் ஏறும்போல.”

அந்தக் கோடையில் ஷரோஃபத் மூன்றரை மணிக்கே முகட்டுக்கு ஏறவேண்டியிருந்தது. முன்பெல்லாம் விடியற்காலையில் ஜெனரேட்டரை ஓய்வில் போடுவாள், மின்கலமே தாங்கும். இப்போது ஊர் முழுக்க ஒரே நேரத்தில் பேசியதில் மின்கலம் வற்றியது. அதனால் அந்த நேரத்திலும் ஓட்டினாள். ஊற்றிய டீசலை ஒளிக்காமல் நோட்டில் எழுதினாள். ஒரு டப்பா கூடுதலாகப் போனது. பிறகு இரண்டு. வேலை நடக்கிறது, அதனால் போகிறது என்று அவளுக்குத் திருப்தியாகவே இருந்தது.

செப்டம்பர் கடைசியில் மெஹ்ரங்கேஸ் கூப்பிட்டாள். நிறைய ரிங் வந்தது. கம்பெனி அழைப்பு என்பதால் ஷரோஃபத் எடுத்தாள். நலம் விசாரித்து முடித்தார்கள்.

“நிமிஷம் ஏறியிருக்கா இல்லையா?” என்றாள் ஷரோஃபத்.

“ஏறியிருக்கு ஹோலா. பள்ளத்தாக்குலயே சங்கோப்தான் முதல்.”

“அப்புறம் என்ன?”

“எல்லாம் இலவச நேரத்துல இருக்கு. டீசல் ரெண்டு மடங்கு. முன்னாடி பகல்ல காசுக்குப் பேசின அந்த நாப்பது நிமிஷம் இருந்துதே, அவங்களும் விடிகாலைக்கு மாறிட்டாங்க. இப்ப பகல்ல ஒண்ணுமே இல்ல.” அவள் குரல் இறங்கியது. “முதல்ல மூடுறதா வேணாமான்னு யோசிச்சுட்டு இருந்தாங்க. இந்த மூணு மாசத் தாளைப் பாத்ததும் யோசிக்கல.”

ஷரோஃபத் டீசல் நோட்டை மூடி வைத்தாள்.

“காசு குடுத்துப் பேசணும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

“அதைச் சொல்லணுமான்னு தோணல ஹோலா. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்.”

அவள்மேல் ஷரோஃபத்துக்குக் கோபம் வரவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன என்று பிறகு கணக்குப் பார்த்தாள். வருடத்துக்கு ஒருமுறை உருளைக்கிழங்கு விற்கிற ஊர். ஆண்கள் அனுப்புகிற பணம் மாவுக்கும் கடனுக்குமே எட்டாது. அந்தக் காசில் பேசியிருந்தால் நவம்பரில் அடுப்பு அணைந்திருக்கும். எந்தப் பக்கம் போயிருந்தாலும் இந்த இடத்துக்குத்தான் வந்திருப்பார்கள். அது தெரிந்ததில் ஒரு ஆறுதலும் இல்லை.

ஊரில் சொன்னபோது யாரும் அவளைத் திட்டவில்லை. மிர்ஸோவலி மட்டும், “நாலு மாசம் தள்ளிப் போட்டிருந்தா கழுதைக் கதையாவது முடிஞ்சிருக்கும்” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கார்டு அனுப்புவதைக் கம்பெனி அன்றோடு நிறுத்தியது.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஷெர்சோத் இரண்டு ஆட்களோடும் நான்கு வாடகைக் கழுதைகளோடும் வந்தான். பெட்டிகளையும் மின்கலங்களையும் ஜெனரேட்டரையும் மட்டும் இறக்கப்போகிறார்கள். கம்பத்தை இறக்குகிற செலவுக்கு அந்த இரும்பு பெறாது, அது நிற்கும்.

அவன் ஷரோஃபத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “நீங்கதான் நிறுத்தணும் ஹோலா. சாவி உங்க பேர்ல இருக்கு. நிறுத்திட்டு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து.”

“மத்தியானம் வரைக்கும் இரு. பையன்கிட்டச் சொல்லணும்.”

“சொல்லுங்க. என் போன்ல வெளிநாடு போகாது, அடைச்சு வெச்சிருக்காங்க. இல்லன்னா குடுத்திருப்பேன்.”

“என் போன்ல ரெண்டு சோமோனி பாக்கி இருக்கு.”

ரஷ்யாவுக்கு அது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். சொல்லவேண்டியது கொஞ்சம்தான். டவர் இன்றோடு நிற்கிறது, இனி அடித்தால் போகாது, பயப்படாதே. காத்திருந்து காத்திருந்து அதை அவள் மனத்துக்குள் மூன்று வாக்கியமாகச் சுருக்கி வைத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு அடித்தாள். அவன் எடுக்கவில்லை. கொஞ்சநேரத்தில் ஒரு ரிங் வந்து நின்றது. நல்லா இருக்கேன். மறுபடி அடித்தாள். மறுபடி ஒரு ரிங். மூன்றாம் முறை விடாமல் அடித்தபோது எடுத்தான். காற்றும் ஏதோ இயந்திரச் சத்தமும் கேட்டன.

“அம்மா? என்னம்மா, என்ன ஆச்சு?”

மூன்று வாக்கியமும் நாக்கு நுனிக்கு வந்தன. ஆனால் இந்த ஊரில் நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிற செய்தி ஒன்றே ஒன்றுதான். அது சாவு. அவன் இப்போது எத்தனையாவது மாடியில் நிற்கிறானோ, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானோ.

“ஒண்ணும் இல்லப்பா, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கியா? உடம்பு சுகமா? தெம்பா இருக்கியா?”

“இருக்கேம்மா, நல்லா இருக்கேன்.” அவன் மூச்சு விட்டது கேட்டது. “நீங்க நல்லா இருக்கீங்களா? முட்டிவலி எப்படி? பசு சுகமா? மிர்ஸோவலி அமாக் சுகமா? தோஷ்பீவி ஹோலா?”

“எல்லாரும் சுகம். பசு சுகம். அமாக் சுகம்.” ஒன்றையும் விடமுடியாது. விட்டால் அதில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைப்பான். “தோஷ்பீவியும் சுகம். சாப்பிடுறியா? குளிரு வந்துடுச்சா அங்க?”

“வந்துடுச்சும்மா. ஜாக்கெட் வாங்கிட்டேன், நல்ல ஜாக்கெட். எங்கூட ஒரு பையன்...”

“அஸ்லிதீன், கேளு, இந்த டவர்...”

போன் பேசுவதை நிறுத்தியிருந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பாக்கி இல்லை என்று கம்பெனி எழுதியிருந்தது.

ஷெர்சோத் கொட்டகை வாசலில் முதுகைக் காட்டி நின்றிருந்தான். கழுதை ஒன்று அடிவயிற்றை உதறியது. ஷரோஃபத் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் இப்போது கூப்பிடுவான், அவளுக்குத் தெரியும். பேசி முடித்தபின் ஒரு ரிங் விடுவது வழக்கம், பேச்சு முடிந்தது, நல்லா இருக்கேன் என்பதுபோல. இந்தத் தடவை எடுத்துவிட வேண்டும். அவன் காசு போனால் போகட்டும். கட்டைவிரலைப் பச்சைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டாள்.

ரிங் வந்தது. திரையில் அவன் எண். விரல் அங்கேயே இருந்தது, அழுத்தவில்லை. நான்கு வருடத்தில் ஒருநாளும் அது அழுத்தியதில்லை. ரிங் நின்றது.

அவள் இன்னும் ஒன்று வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் சாப்பிடப் போயிருப்பான்.

“ஹோலா,” என்றான் ஷெர்சோத் திரும்பாமலே. “சொல்லிட்டீங்களா?”

“பேசிட்டேன்,” என்றாள். எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினாள். சத்தம் நின்றதும் கீழே தோஷ்பீவியின் ஆடு கத்துவதுகூட மேலே கேட்டது. போனில் இருந்த சிக்னல் கோடுகள் உடனே போகவில்லை. டவர் மின்கலத்தில் மீதம் இருந்திருக்கும். ஆட்கள் அதன் ஒயரைப் பிடுங்கும்வரை இருந்தன.